வெள்ளிக் காசின் விலைமதிப்பு

நுழையும்முன்

காசு பொருள் வாங்கும் கருவி மட்டுமன்று. அதை வெளியிட்ட அரசின் ஆவணமும் ஆகும். வழக்கொழிந்த பின்னர்ச் சில வெள்ளிக் காசுகள் பெருவிலை பெறுகின்றன. சில உலோக மதிப்பளவிலேயே நின்றுவிடுகின்றன. இதற்கான காரணங்களை இப்பாடம் விளக்குகிறது.

மறைமலை நகரைச் சூழ்ந்த சிற்றூர்களின் பழைய வீடுகளில், பூசையறைச் செம்பிலோ பாட்டியின் சுருக்குப்பையிலோ விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு இருப்பதுண்டு. பண நெருக்கடி நேரும்போது அவை நகைக்கடைத் தராசில் ஏறுகின்றன. எடைக்கு விலை பேசப்பட்டு உருக்கப்படுகின்றன. உருக்கியபின் எஞ்சுவது வெள்ளி மட்டுமே. அக்காசு தாங்கியிருந்த வரலாற்றுச் செய்தி மீண்டும் கிடைக்காது. ஆகவே, ஒரு காசின் மதிப்பு எவற்றால் அமைகிறது என்பதை விற்பதற்கு முன்பே அறிதல் வேண்டும்.

உலோக மதிப்பு

1835ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே வகையான ரூபாயைக் கொண்டுவந்தது. அதன் எடை ஒரு தோலா. அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே, தேயாத ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 முதல் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் ரூபாய் நிக்கலில் வெளிவந்தது. காசின் ஆண்டைக் கொண்டே அதன் உலோக மதிப்பைக் கணிக்கலாம். இது அடிப்படை விலை மட்டுமே.

பழமையும் அருமையும்

காசு பழமையானால் விலை உயரும் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. 1840ஆம் ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய் மிகுந்த எண்ணிக்கையில் வெளியிடப்பட்டதால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. அதற்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் பிற்பட்ட 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாயோ மிக அரிது. அதனால் பன்மடங்கு விலை பெறுகிறது. காசின் வயதைவிட, எஞ்சியிருக்கும் காசுகளின் எண்ணிக்கையும் அவற்றை நாடுவோரின் எண்ணிக்கையுமே விலையை முடிவு செய்கின்றன.

சிலபோது பிழையும் காசுக்குப் புகழ் தரும். 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் மேலாடையில் இருந்த யானையின் துதிக்கை குறுகித் தோன்றியது. மக்கள் அதைப் பன்றி என்று கருதி வெறுத்தனர். எனவே, அரசு அக்காசைத் திரும்பப்பெற்று உருக்கியது. 1912இல் உருவம் திருத்தப்பட்டது. உருக்கலுக்குத் தப்பியவற்றைச் சேகரிப்போர் இன்று தேடிப் பெறுகின்றனர்.

அக்கசாலைக் குறிகள்

காசு அச்சிடும் இடம் அக்கசாலை எனப்படும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காடு என்னும் பெயரைத் தாங்கிய ரூபாய்கள் ஆற்காட்டில் மட்டும் அச்சிடப்படவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அச்சிட்ட காசில் பிறையும், சென்னையில் ஆங்கிலேயர் அச்சிட்ட காசில் தாமரையும் அடையாளமாக அமைந்தன. கடுகளவே ஆன இத்தகைய குறி, காசு பிறந்த இடத்தைக் காட்டுவதோடு அதன் விலையையும் மாற்றவல்லது.

காசின் நிலை

ஒரே ஆண்டில், ஒரே அக்கசாலையில் பிறந்த இரு காசுகளும் ஒரே விலை பெறுவதில்லை. முடியின் இழைகளும் எழுத்தின் விளிம்புகளும் தேயாதிருப்பின் மதிப்பு உயரும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசும் துளையிட்ட காசும் மதிப்புக் குறையும்.

பலர் அறியாமல் செய்யும் தவறு, காசைத் துலக்குதல் ஆகும். வெள்ளி விளக்கைத் திருநீற்றால் துலக்குவதுபோலக் காசையும் தேய்த்தால், கருமையோடு மேற்பரப்பின் நுண்ணிய அமைப்பும் அழியும், நுண்கீறல்கள் நிலைத்துவிடும். காலத்தால் படிந்த மங்கல் நிறம் அழுக்கன்று. காசின் இயல்பான தொன்மையைக் காட்டும் சான்றுகளுள் அதுவும் ஒன்று. பழங்காசை விளிம்பில் பிடித்தெடுத்து, உலர்ந்த உறையில் வைத்துக் காப்பதே நன்று.

விலையினும் உயர்ந்தது

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் சங்ககாலச் சேரரின் வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒருவகையில் அரசனின் தலையுருவமும் ‘மாக்கோதை’ என்னும் தமிழிப் பெயரும் உள்ளன. அச்சிறு காசு, சேரர் பெயரிட்டுக் காசு வெளியிட்டமைக்குச் சான்றாக நிற்கிறது. கிடைத்த இடம் அறியப்பட்டதால் அச்சான்று வலுப்பெறுகிறது. இடம் மறைக்கப்பட்டுக் கைமாறும் காசு, தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது.

இதனாலேயே சட்டமும் காவலாக நிற்கிறது. மண்ணில் புதைந்து கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத காசுகள் தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.

உலோகம், அருமை, குறி, நிலை, வரலாறு ஆகிய ஐந்தும் சேர்ந்தே காசின் மதிப்பை அமைக்கின்றன. தராசு இவற்றுள் முதலாவதை மட்டுமே அளக்கும். ஏனைய நான்கையும் அளப்பதற்கு அறிவே கருவி. பாட்டியின் சுருக்குப்பையில் உள்ள காசை உருக்கக் கொடுக்குமுன் ஒருமுறை ஊன்றிப் படித்தல், முன்னோர் விட்டுச்சென்ற ஓர் ஆவணத்தைக் காப்பதாகும்.

தெரிந்து தெளிவோம்

பழங்காசுகளைப் பெருவிலைக்கு வாங்குவதாகக் கூறி, முன்கூட்டியே கட்டணமும் வரியும் கேட்போரிடம் ஏமாற வேண்டா என 2021இல் இந்திய ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பைக் கண்டு, பழங்காசுகளை இனங்காணப் பழகலாம்.