துண்டு துண்டாக வரும் கித்தார்

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் மாலை தயங்கித் தயங்கி வந்து, "அப்பா, எனக்கு ஒரு எலெக்ட்ரிக் கித்தார் வேண்டும். கடையில் வாங்க வேண்டாம். சாமான்களை வரவழைத்து நானே பூட்டிக்கொள்கிறேன்" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "போய்ப் படிக்கிற வேலையைப் பார்!" என்பதுதானே நம் லயங்களில் வழக்கமாக வரும் பதில்?

எங்கள் கோத்தா திங்கி வட்டாரத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டி, "இது உடல், இது கழுத்து, இவை கம்பி முறுக்கும் சாவிகள்" என்று பிள்ளைகள் விளக்குகிறார்கள். பெற்றோர் ஒருவர் என்னிடமே வந்து, "சார், இது நடக்கிற காரியமா, இல்லை காசைக் கரியாக்குகிற வேலையா?" என்று விசாரித்தார். நடக்கிற காரியம்தான் என்றேன். ஆனால் மலிவான காரியம் அல்ல. அவசரக்காரர்களுக்கு ஏற்ற காரியமும் அல்ல.

கித்தார் நமக்கு அந்நியமானது என்று எண்ணுவோர் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மலேசியா முழுவதும் புகழ்பெற்ற 'அலிகேட்ஸ்' குழுவை நடத்தியவர்கள் பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் நம் சகோதரர்கள் அல்லவா? 2007-இல் லோகநாதன் மறைந்தபோது வருந்தாத இனம் இந்த நாட்டில் இல்லை. இளையராஜா கித்தாரை முறைப்படி பயின்றவர். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் அடியில் நின்று தாங்கும் பேஸ் கித்தாருக்குப் பேர்போனவர் சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ். ஆகவே பிள்ளையின் ஆசையில் தவறில்லை. கவலைப்பட வேண்டியதெல்லாம் காசையும் பாதுகாப்பையும் பற்றித்தான்.

முதலில், ஒரு வாத்தியம் எப்படித் துண்டு துண்டாக வரமுடியும்? நம் தஞ்சாவூர் வீணையை எண்ணிப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து குடமாக்கி, மெட்டுகளை மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு நிலைநிறுத்த வேண்டும். பரம்பரை ஆசாரிக்கே கைவரும் கலை அது. சாதாரண மரக் கித்தாரும் அப்படியே. அதன் வயிறுதான் அதன் குரல்.

எலெக்ட்ரிக் கித்தாருக்கு வயிறு தேவையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1950-ஆம் ஆண்டை ஒட்டி, திண்ணென்ற பலகையில் ஒரு கித்தாரை உருவாக்கி விற்கத் தொடங்கினார். கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்பது அவர் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது! பழுது பார்க்கிறவன் கண்ணோடு செய்தார். அதனால்தான் இன்று உடலை ஓரிடத்திலும் கழுத்தை வேறிடத்திலும் வரவழைத்து ஒன்றாக்க முடிகிறது.

இதன் குரல் எங்கிருந்து வருகிறது? கம்பிகளுக்கு அடியில் 'பிக்கப்' என்ற சிறு கட்டை இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள். எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது செப்புச் சுற்றில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைத்தான் ஆம்பிளிஃபையர் பெரிதாக்கிக் காட்டுகிறது. நைலான் கம்பியை மாட்டினால் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது. இதை ஒருமுறை கையால் செய்து பார்க்கும் பிள்ளைக்கு அறிவியல் பாடத்தில் காந்தமும் மின்சாரமும் எளிதில் புரியும் என்பது ஆசிரியர் என்ற முறையில் என் எண்ணம்.

இப்படிக் கோத்துச் செய்த கித்தார்கள் மட்டமானவை என்று எண்ணிவிடாதீர்கள். எடி வான் ஹேலன் என்ற பெயரை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அவருடைய தாயார் நம் பக்கத்துத் தீவான ஜாவாவில் பிறந்தவர். அவர் 1970-களில் 50 டாலருக்கு ஓர் உடலும் 80 டாலருக்கு ஒரு கழுத்தும் வாங்கி, வேறொரு பழைய கித்தாரின் பிக்கப்பைப் பிடுங்கி வைத்து, பட்டை பட்டையாகச் சாயமடித்த கித்தார்தான் உலகப் புகழ் பெற்றது. இங்கிலாந்தின் பிரையன் மே, 1963-இல் தம் தந்தையோடு சேர்ந்து ஒரு கித்தார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் பின்னல் ஊசியின் முனை, சட்டைப் பொத்தான்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பிக்கப்பையும் தாமே செய்து பார்த்தார்; மனதுக்குப் பிடிக்கவில்லை; கடையில் வாங்கிப் பொருத்தினார். எதைக் கையால் செய்வது, எதை வாங்குவது என்று அறிந்திருந்தார் பாருங்கள்! அதே கித்தாரை 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்தார்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். காசை எங்கே போடுவது? கண்ணைப் பறிக்கும் சாயத்திலும் பளபளப்பான குமிழ்களிலும் அல்ல, கழுத்தில் போடுங்கள். மெட்டுகள் பதிந்திருப்பது அங்கேதான். ஆசாரி காதால் செய்த வேலையை இங்கே எந்திரம் கணக்காகச் செய்திருக்கிறது: மிச்சமுள்ள கம்பி நீளத்தைப் பதினேழே முக்கால் சொச்சத்தால் வகுத்தால் அடுத்த மெட்டின் தூரம் வரும். சரியாக 12-ஆவது மெட்டில் கம்பி பாதியாகும். 7-ஆவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 5-ஆவதில் நான்கில் மூன்று பங்கு மிஞ்சும். பின்னக் கணக்கு வராது என்று அழும் பிள்ளைக்கு ஒரு கித்தார்க் கழுத்தையும் அடிக்கோலையும் கொடுத்துப் பாருங்கள்.

கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அது எதற்கு? ஆறு கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுவை நாற்பத்தைந்து கிலோ அளவுக்கு வருகிறது. ஓர் அரிசி மூட்டையை இரவும் பகலும் அந்த மெல்லிய கட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கித்தாரில் கம்பிகள் நான்கே ஆனாலும் இழுவை இன்னும் அதிகம். வளையும் கழுத்தை நேர்செய்யத்தான் உள்ளே அந்த இரும்பு. அதைத் திருகும்போது கால் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒருநாள் பொறுத்துப் பார்த்து மறுபடி திருக வேண்டும். முரட்டுத்தனம் காட்டினால் கழுத்து போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் ஒன்று உண்டு. கம்பிகளின் மறுமுனை அமரும் 'பிரிட்ஜ்' எங்கே உட்கார வேண்டும் என்பதே அது. ஃபெண்டர் வகைக் கழுத்தின் கணக்கு, கழுத்துத் தலைப்பிலுள்ள சிறு கட்டையிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். கிப்சன் வகையில் சுமார் 628. வழக்கமான பேஸ் கித்தாரில் 864. ஒரு வகைக் கழுத்தையும் இன்னொரு வகைக்குத் துளையிட்ட உடலையும் வாங்கிவிட்டால், எத்தனை விலை கொடுத்திருந்தாலும் அந்தக் கித்தார் ஒருநாளும் சுருதி சேராது. திறந்த கம்பி சரியாக ஒலிக்கும். விரல் வைத்தால் அபஸ்வரம்தான். பெரும்பாலான பிள்ளைகள் மனமொடிந்து சாமான்களைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது இந்தக் கட்டத்தில்தான்.

என் பழைய மாணவர் ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர், பேஸ் கித்தார் பூட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வந்த கழுத்து உடலின் பள்ளத்தில் இறங்கவில்லை. சுத்தியலை எடுக்கவில்லை அவர். உப்புத்தாளால் மூன்று மாலை தேய்த்தார். பிறகு தலைப்பிலிருந்து 12-ஆவது மெட்டு வரை அளந்து, அதே தூரத்தை மறுபக்கம் குறித்து, மேலும் இரண்டு மில்லிமீட்டர் விட்டார். தடித்த கம்பிக்கு அந்தச் சிறு இடம் தேவை. கொத்தனார் நூல் பிடிப்பதுபோல் கழுத்தின் இரு ஓரமும் நூல் கட்டிப் பார்த்து, நேராக இருப்பது தெரிந்த பிறகே துளை போட்டார். திருகாணிகளைச் சவர்க்காரத்தில் தேய்த்துவிட்டு முறுக்கினார்; மரம் பிளக்காது, திருகாணித் தலையும் முறியாது. அந்தப் பொறுமையை என் வகுப்பில் நான் அவரிடம் கண்டதே இல்லை!

உடலுக்கு நம் ரப்பர் மரம் ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகும். ஒரு காலத்தில் பால் வற்றிய மரம் விறகுக்குத்தான் என்றிருந்தோம். இன்று அதே பலகையில் செய்த நாற்காலி மேசைகள் நம் ஜொகூரின் மூவாரிலிருந்து உலகெங்கும் போகின்றன. ஆனால் வெட்டிப் போட்ட பச்சை மரத்தைத் தூக்கி வந்துவிடாதீர்கள். சில நாளில் பூசணம் பிடித்துக் கறுக்கும், வண்டு துளைக்கும். மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையைத்தான் வாங்க வேண்டும். கோலாலம்பூரின் ஜெஃப்ரி யோங், தூங்குமூஞ்சி மரத்திலும் மாமரத்திலும் கித்தார் செய்து வெளிநாட்டில் பெயர் வாங்கியவர். நம் மண்ணின் மரம் மட்டம் என்ற பேச்சு எடுபடாது.

இனி, தாய்மார்கள் கேட்கும் கேள்வி: "கரண்ட் அடிக்குமா?" கித்தாருக்குள் வீட்டு மின்சாரம் வருவதே இல்லை. ஆபத்து இருப்பது ஆம்பிளிஃபையரிலும் அது செருகப்படும் பிளக்கிலும்தான். கித்தாரின் உள்ளே பிரிட்ஜிலிருந்து ஓர் எர்த் ஒயர் போகிறது. அதைப் பற்றவைக்க மறந்தால் ஓயாமல் இரைச்சல் கேட்கும். ஒழுங்காகப் பற்றவைத்தாலோ, வாசிப்பவர் கை கம்பிவழியே ஆம்பிளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. அந்த எர்த் நல்லதாக இருக்கும்வரை கவலையில்லை. எர்த் இல்லாத பழைய சுவர்ச் செருகியிலோ, மூன்றாவது முனையை ஒடித்த பிளக்கிலோ மாட்டியிருந்தால் நிலைமை வேறு. 1972-இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற இளம் கித்தார் கலைஞர் மேடையில் கித்தாரோடு நின்றபடி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார்; அங்கேயே உயிர் போயிற்று.

நம் திருவிழா மேடைகளை எண்ணிப் பாருங்கள். ஜெனரேட்டர், ஈரப் புல், மழை, ஒட்டுப்போட்ட ஒயர், வெறுங்கால்! கித்தாருக்குச் செலவழிக்கும் பெற்றோர் அதோடு இன்னும் சிறிது செலவழித்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி பொருத்திய செருகியை வாங்கிக் கொடுங்கள். லயத்து வீட்டின் ஒயர்களைத் தோட்டத்து எலெக்ட்ரிஷனிடம் ஒருமுறை காட்டுங்கள். ஆம்பிளிஃபையரின் மூடியை மட்டும் பிள்ளை கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கழுத்து, உடல், பிக்கப், சாவிகள் என்று தனித்தனியே வாங்கினால் கடையில் தொங்கும் மலிவான கித்தாரைவிடக் கூடுதலாகவே ஆகும். எல்லாம் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு வாங்கினால் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தும். முதன்முறை செய்பவருக்கு அதுவே நல்லது. வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்துப் பாருங்கள். பார்சல் பெரும்பாலும் லயத்துக்கு வராது, தோட்ட அலுவலகத்தில்தான் கிடக்கும். கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பெட்டியைப் பிரித்ததும் கழுத்தை நீளவாக்கில் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். பிறகு சரியாகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பின் எதற்காகத்தான் பூட்ட வேண்டும்? கித்தார் பழுதானால் நாம் ஜொகூர் பாருவுக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. போக வர எண்பது கிலோமீட்டருக்கு மேல். தானே பூட்டியவன் தானே கழற்றுவான். ஓர் ஈயப்பற்று விட்டுப்போனதற்காக ஒருநாள் சம்பளத்தை இழக்க மாட்டான்.

பூட்டி முடித்ததும் உடனே கச்சேரி வைத்துவிட முடியாது. புதுக் கம்பி சில நாள் இளகும். நம் ஊர் ஈரக்காற்றில் கழுத்தும் சற்று அசையும். ஒரு வாரம் தினமும் சுருதி பார்த்து, பிரிட்ஜிலுள்ள சிறு திருகாணிகளால் ஒவ்வொரு கம்பியையும் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டாரைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஆம்பிளிஃபையரில் செருகாமல் வாசித்தால் எலெக்ட்ரிக் கித்தார் சீப்பை நிமிண்டுவது போலத்தான் கேட்கும். விடியற்காலையில் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்கலாம்.