குழாய்க்குள் ஒரு கம்பெனி!

மேஜை வாங்கினால் சொத்து; மேஜை இருக்கும் ரூமுக்கு வாடகை கொடுத்தால் செலவு. பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சமாசாரம் இது. இதை மாற்றி எழுதியதில் ஒரு டெலிபோன் சாம்ராஜ்யமே சாய்ந்தது ஸார்!

1983. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எல்.டி.டி.எஸ். என்று குட்டியாக ஒரு கம்பெனி. வெளியூர் போன் நேரத்தை மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறையில் விற்பது தொழில். கோயம்பேட்டில் கத்தரிக்காய் வாங்கி நம்ம தெருவில் விற்கிற மாதிரிதான். நஷ்டம்!

1985-ல் பெர்னார்ட் எபர்ஸ் தலைவரானார். இளமையில் வீடு வீடாகப் பால் போட்டவர், பிறகு மோட்டல் முதலாளி. நிறைய நிமிஷம் வாங்கினால் நிமிஷத்தின் விலை குறையும் என்பது அவருக்குப் புரிந்தது. நிறைய நிமிஷத்துக்கு எங்கே போவது? பக்கத்து ஊர் கம்பெனியை வாங்கு! அப்புறம் அதற்கும் பக்கத்து ஊர்!

ஆனால் லைன் எல்லாம் அடுத்தவனுடையது. சொந்த லைன் வந்தது 1995-ல். வில்லியம்ஸ் என்ற காஸ் கம்பெனி, சும்மா கிடந்த பழைய காஸ் குழாய்களுக்குள் கண்ணாடி இழைக் கேபிளை நுழைத்து வைத்திருந்தது. ரோட்டைத் தோண்டுகிற வேலையே இல்லை. (நம்ம ஊர் கான்ட்ராக்டர்கள் கேட்டால் கண்ணீர் விடுவார்கள்!) அந்த நெட்வொர்க்கை எபர்ஸ் 250 கோடி டாலருக்கு வாங்கினார். கம்பெனிக்குப் புதுப் பெயர்: வேர்ல்ட்காம்.

1998-ல் தன்னைவிடப் பெரிய எம்.சி.ஐ.யை, சுமார் 3,700 கோடி டாலருக்கு விழுங்கியது. பெரும்பாலும் ரொக்கமில்லை, சொந்த ஷேர்களைக் கொடுத்தே! ஷேர் விலை ஏறினால்தான் அடுத்த கம்பெனி. அடுத்த கம்பெனி வந்தால்தான் ஷேர் விலை ஏறும்.

2000-ல் ஸ்பிரின்ட் கம்பெனியை வாங்க அரசாங்கங்கள் குறுக்கே நின்றன. போன் கட்டணமோ சரிந்துகொண்டிருந்தது. லாபத்தை எப்படிக் காட்டுவது? மற்ற கம்பெனிகளுக்குக் கட்டிய லைன் வாடகையைச் செலவில் எழுதாமல் சொத்தில் எழுதினார்கள். அதாவது, ரூம் வாடகை மேஜையாகிவிட்டது!

2002-ல் சிந்தியா கூப்பர் என்ற உள்தணிக்கை அதிகாரியும் அவர் குழுவும் இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் வெளிவந்த தொகை 380 கோடி டாலர். ஜூலையில் கம்பெனி திவால். 2005-ல் எபர்ஸுக்கு 25 வருஷ சிறைத் தண்டனை.

கேபிள் நிஜம். குழாயும் நிஜம். பொய் சொன்னது பேரேடு மட்டும்தான். ஆனால் 1999-ல் 60 டாலரைத் தாண்டிய ஷேர், 2002-ல் ஒரு டாலருக்கும் கீழே! ரிட்டயர்மென்ட் பணத்தைக் கம்பெனி ஷேரிலேயே போட்டிருந்த ஊழியர்களுக்கு வேலையும் போச்சு, சேமிப்பும் போச்சு.

ஆகவே வாலிபர்களே, சேர்மன் 'வளர்கிறோம்' என்றால் தாராளமாகக் கை தட்டுங்கள். சேமிப்பை மட்டும் வேறு வாசலில் கட்டி வையுங்கள்.