கயிறு கட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் ஹைதராபாத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. சேற்றிலோ தண்ணீரிலோ சிக்கிய ஒரு கார். அதன் முன்னால் ஒரு லாரி அல்லது டிராக்டர். நடுவே கைக்குக் கிடைத்த ஒரு கயிறு. சுற்றிலும் பத்துப் பேர். "ஆப்பண்டி" என்று ஒருவர், "ருகோ" என்று இன்னொருவர், "நில்லுப்பா" என்று நம்மவர் ஒருவர்! எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஆனால் கயிறு அறுந்து யாருக்காவது அடிபட்டால், அதற்கு யார் பொறுப்பு? ரயில்வேயில் மெக்கானிக்கல் பிரிவில், வண்டிகளை இழுப்பதும் தூக்குவதுமாகவே காலம் கழித்தவன் என்ற முறையில், இது பற்றிச் சில விஷயங்களை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆள், பிறகு வண்டி

2020 அக்டோபர் 13-ஆம் தேதி இரவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் சுமார் 190 மி.மீ. மழை. ககன்பஹாட் அருகே அப்பா செருவு உடைந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்ற கார்களை வெள்ளம் அடித்துச் சென்றது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது.

இவ்வளவு கனமான கார் எப்படி மிதக்கிறது? கணக்கு எளிது. ஒரு சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். அடித்தட்டுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீரும் சுமார் 600 கிலோவைத் தூக்கும். 1,000 கிலோ காருக்கு 20 செ.மீ. கூடத் தேவையில்லை. ஆகவே தண்ணீர் ஓடும் இடத்தில் கயிறு தேடி நேரத்தைக் கழிக்காமல், உள்ளே இருப்பவர்களை இறக்கி மேட்டுக்கு அனுப்புங்கள். லிங்கம்பள்ளி ரயில்வே பாலத்தின் அடியில் தண்ணீர் நின்றாலும் இதே விதிதான்.

இன்னொன்று: தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். "எஞ்சின் பாதுகாப்பு" என்ற கூடுதல் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு கிடைப்பது கடினம்.

கயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் சக்தி

10 டன் லாரி, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறது என்று வையுங்கள். மெதுவான வேகம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த லாரியில் உள்ள சக்தி, ஒரு டன் காரை 4 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் சக்திக்குச் சமம். கார் சேற்றில் அசையாமல் நின்றால், அதில் பெரும் பகுதியைக் கயிறுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். நைலான் கயிறு ரப்பர் போல நீளும். அறுந்தால் சாட்டை போலத் திரும்பி வரும். கொக்கியோடு பிய்ந்து வந்தால் அது பீரங்கிக் குண்டுதான்.

தடம் புரண்ட வண்டியை ரயில்வேயில் தூக்கும்போது, இழுபடும் வயர் ரோப்பின் அருகே யாரையும் நிற்க விடமாட்டோம். சமிக்ஞை காட்டுபவர் ஒருவரே. வண்டி முழுவதும் நின்ற பிறகே இணைப்பு மாட்ட ஆள் இடையே போகலாம். இந்த ஒழுங்கைத் தெருவிலும் கடைப்பிடிக்கலாம்.

1. கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு வேடிக்கை பார்ப்பவர்களை விலக்குங்கள்.
2. பம்பரிலோ ஆக்ஸிலிலோ கட்டாதீர்கள். டிக்கியில் உள்ள இழுவை வளையத்தை அதற்குரிய இடத்தில் முழுவதும் திருகி மாட்டுங்கள்.
3. கயிற்றின் நடுவில் கனமான கோணிச் சாக்கைப் போடுங்கள். அறுந்தாலும் வேகம் தணியும்.
4. முதலில் மண்வெட்டியால் சக்கரத்தின் முன் உள்ள சேற்றை அகற்றுங்கள். பிறகு கயிறு இறுகும்வரை நகர்ந்து, வெட்டாமல் இழுக்கட்டும்.
5. இழுக்கப்படும் காரில் சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவியுங்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் மிகவும் கனக்கும்.
6. ஆட்டோமேட்டிக் கியர் காரையும் மின்சாரக் காரையும் சாலையில் உருட்டி இழுக்க வேண்டாம். தட்டு லாரியில் ஏற்றுவதே நல்லது.

யார் பொறுப்பு?

1989-ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகள், இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கி.மீ.யைத் தாண்டக் கூடாது, பின்வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்று கூறின. 2017-இல் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள நியாயம் மாறவில்லை.

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்ந்தது. விபத்தில் அடிபட்டவருக்குப் பிரதிபலன் பாராமல் அவசர உதவி செய்பவரை அது வழக்கிலிருந்து காக்கிறது. ஆனால் அது மனிதருக்குச் செய்யும் உதவிக்குத்தான். காரை இழுப்பதற்கு அல்ல.

சரக்கு வாகனங்களின் வழக்கமான பாலிசியில், பழுதான ஒரு வண்டியை இழுக்கும்போதும் மூன்றாம் நபருக்கான காப்பீடு செல்லும் என்று எழுதியிருக்கும். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: கூலி வாங்கக் கூடாது, இழுக்கப்படும் வண்டிக்கு ஏற்படும் சேதத்தைக் கம்பெனி தராது. நாம் 500 ரூபாயை டிரைவர் கையில் திணிக்கும்போது அவருடைய காப்பீட்டையே ஆபத்தில் வைக்கிறோம்!

"நின்றுபோன வண்டிதானே" என்று சொல்லியும் தப்ப முடியாது. 1987-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பெட்ரோல் டாங்கர் கவிழ்ந்து, சில மணி நேரம் கழித்து வெடித்ததில், சூழ்ந்து நின்றவர்கள் இறந்தனர். ஓடாமல் கிடந்தாலும் அது "பயன்பாட்டில்" இருந்த வாகனமே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனக்குறைவால் உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு பாயும்.

எங்கள் காலனியில் ஒரு மழையின்போது, நண்பர் ஒருவரின் காரை வழிப்போக்கு லாரிக்காரர் இழுத்துக் கொடுத்தார். கார் வந்தது, கூடவே பம்பரும் வந்தது! நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரம் சண்டை. "கயிறு கட்டுவது என் பொறுப்பு, சேதமானால் உங்களைக் கேட்க மாட்டேன்" என்று நண்பர் முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டைக்கு இடமில்லை. அது எல்லாப் பொறுப்பையும் நீக்கிவிடாது. ஆனால் இருவரையும் நிதானமாக யோசிக்க வைக்கும்.

எனவே அன்பர்களே, பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சிக்கினால் 1033-ஐ அழையுங்கள். உதவி செய்வது நம் பண்பு. அதை விட வேண்டாம். ஆனால் கார் ஒரு மணி நேரம் சேற்றில் நின்றால் குடி முழுகிவிடாது. ஆட்களை முதலில் அப்புறப்படுத்துங்கள், கயிற்றைப் பிறகு தேடுங்கள்.