57,000 படங்கள், மூன்றணா

வேடிக்கைக்கு ஆள் சேர்ப்பது, பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வட்டாரத்தில் சினிமாவுக்கு முந்தைய தொழில். பிட் ஸ்திரீட் என்ற பழைய பெயர் இன்னும் சிலர் வாயில் வரும் இந்தச் சாலையில், 1801-இல் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல் நிற்கிறது. சற்றுத் தள்ளி குவான் யின் கோயில். திருவிழா நாட்களில் அதன் முற்றத்தில் சீன நாடகமும் பொம்மலாட்டமும் நடக்கும். பக்கத்துத் தெருக்களில் தமிழ்ப் பாட்டு விற்கும் கடைகள் ஒலிபெருக்கியைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருக்கின்றன. காதில் பாட்டு விழுந்தால் கால் தானாகக் கடைக்கு வரும் என்பது வியாபாரக் கணக்கு.

பினாங்கில் அந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டவர்கள் பங்சாவான் நாடகக்காரர்கள். பம்பாய்ப் பார்சி நாடகங்களின் பாதிப்பில் மலாய் மொழியில் உருவான மேடைக்கலை அது. 1885-இல் இவ்வூரைச் சேர்ந்த இந்திய முஸ்லிம், மாமாக் பூஷி, தம் பெயரிலேயே ஒரு பங்சாவான் குழுவைத் தொடங்கினார். இத்தகைய குழுக்கள் நோட்டீஸ் அடித்தன, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தன. கதையைக் காட்டிலும் மேடைத் தந்திரங்களையும், நடுநடுவே வரும் ஆட்டபாட்டத்தையும்தான் பெரிதாகச் சொல்லின. சினிமா வந்தபோது இந்த முறைகள் எல்லாம் தயாராகக் காத்திருந்தன. ஆனால் கருவி மாறும்போதெல்லாம் விளம்பரத்தின் பேச்சும் மாறிக்கொண்டே வந்தது. பழைய விளம்பரங்களைப் படிக்க உட்காரும் எவரும் முதலில் அந்தக் கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் சினிமாட்டோகிராப், ஓர் ஆள் தூக்கிச் செல்லக்கூடிய மரப்பெட்டி. படம் பிடிப்பது, பிரதி எடுப்பது, திரையில் காட்டுவது மூன்றும் அந்த ஒரே பெட்டியின் வேலை. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இரண்டு சிறு கொக்கிகள் படச்சுருளின் ஓரத் துளைகளில் மாட்டி, ஒரு படத்தின் அளவுக்கு இழுத்துவிட்டு விலகும். படம் அசையாமல் நிற்கும் நேரத்தில் மட்டும் வெளிச்சம் பாயும்; இழுபடும் நேரத்தில் ஒரு தகடு சுழன்று வந்து மறைத்துக்கொள்ளும். நொடிக்குப் பதினாறு தடவை இது நடக்க, நின்ற படங்கள் நம் கண்ணுக்கு நடமாடுகின்றன. இழுத்து நிறுத்தி மீண்டும் இழுக்கும் இந்த யோசனை லூயி லூமியேருக்குத் தையல் இயந்திரத்திலிருந்து கிடைத்தது.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஒவ்வொரு படமும் ஒரு நிமிடம்கூட ஓடாது. அதில் சொல்லி விற்க என்ன கதை இருக்கும்? ஆகவே அவர்களுடைய முதல் சுவரொட்டி, அரங்கத்துக்குள் நுழைய முண்டும் கூட்டத்தையே வரைந்து காட்டியது. அடுத்த சுவரொட்டியில் திரை இருக்கிறது, தோட்டக்காரர் மீது குழாய்த் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் காட்சியும் இருக்கிறது. ஆனால் நம் கண் போய் நிற்பது திரைக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரிக்கும் குடும்பத்தின் மீதுதான். பார்ப்பவனின் சந்தோஷத்தைக் காட்டிப் பார்க்காதவனை இழுக்கும் உத்தி இது. இன்றைக்குத் தியேட்டர் வாசலில் ரசிகரிடம் கருத்துக் கேட்டுப் போடும் வீடியோவுக்கு அதுவே மூத்த உறவு.

1896 ஜூலை 7 அன்று அந்தப் பெட்டி பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்தபோது, பத்திரிகை விளம்பரம் அதை நூற்றாண்டின் அதிசயம் என்று அழைத்தது. விற்பனைக்கு வந்தது படம் அல்ல, பெட்டி. அதிசயத்தை ஒருமுறை பார்த்தவன் மறுபடியும் காசு கொடுக்க மாட்டான். அதனால் பெட்டி ஊர் ஊராகப் போயாக வேண்டியிருந்தது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் ஏசுவின் வாழ்க்கைப் படத்தையும் வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு கிளம்பியது இப்படித்தான். கூடாரம் ஓர் ஊரில் தங்குவது சில நாள். அதற்குள் ஊர் முழுக்கச் சேதி போக வேண்டும். மாட்டுவண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, உள்ளே பேண்டு வாத்தியக்காரர்களை உட்கார வைத்து, நோட்டீஸை வீசிக்கொண்டே போவார்கள்; பின்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாத்தியம், தெரிந்தவருக்கு நோட்டீஸ். 1914-இல் வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டிய பிறகு நிலைமை தலைகீழானது. கொட்டகை ஒரே இடத்தில் நிற்க, படங்கள் ஊர் மாறின. விளம்பரமும் அடிக்கடி வரும் புதுப் படத்தைச் சொல்லத் தொடங்கியது.

இந்தக் காலத்து விளம்பரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது திரைப்பட இயக்குநர் பால்கேயுடையது. 1913-இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வைச் சூரத் நகரத்துக்குக் கொண்டுபோனபோது கூட்டம் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேர நாடகத்தை இரண்டணாவுக்குப் பார்த்துப் பழகிய ஊர் அது. குறுகிய நேரப் படத்துக்கு மூன்றணா யார் கொடுப்பார்? பால்கே நேரத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டார். 57,000 புகைப்படங்கள், இரண்டு மைல் நீளப் படம், எல்லாம் மூன்றணாவுக்கு என்று விளம்பரம் செய்தார். கூட்டம் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அடிப் படச்சுருளில் பதினாறு படங்கள். 57,000-ஐப் பதினாறால் வகுத்தால் சுமார் 3,560 அடி. ஒரு மைலுக்கு 5,280 அடி. ஆக, அந்த 57,000 படங்களின் நீளம் மூன்றில் இரண்டு பங்கு மைல்தான். இரண்டு மைல் என்பது மிகை. நொடிக்குப் பதினாறு என்று ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புகைப்படக் கணக்கு படத்தின் நீளத்தோடு பொருந்துகிறது, மைல் கணக்கு பொருந்தவில்லை. சரியான எண் ஒன்றின் பக்கத்தில் மிகையான எண் ஒன்றை உட்கார வைப்பது விளம்பரக்காரர்களின் பழைய கைவரிசை. இருந்தாலும், நேரத்தை நீளமாக மாற்றிய அந்த மூளையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

படம் பேச ஆரம்பித்ததும் எண்கள் பின்னுக்குப் போய்க் குரல் முன்னுக்கு வந்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். வசனத்தை நம்பி அதை விற்க முடியாது. நாடக மேடையில் புகழ்பெற்றிருந்த ராஜலட்சுமியின் பெயரும் பாட்டும்தான் முதல். மலாய்ப் படத்துக்கும் இதே வழி. 1933-இல் சிங்கப்பூரில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் எடுத்த 'லைலா மஜ்னுன்' பங்சாவான் கலைஞர்களை வைத்தே எடுக்கப்பட்டது. மேடையில் பாடிச் சம்பாதித்த பெயரைத் திரை கடன் வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்தின் மிகச் சிறந்த விளம்பரக் கருவி என்று நான் கருதுவது பாட்டுப் புத்தகத்தை. ஓரிரு அணா விலை, மெல்லிய தாள், சில பக்கங்கள். முன்னட்டையில் நட்சத்திரத்தின் படம். உள்ளே நடிகர் பட்டியல், ராக தாளக் குறிப்போடு பாடல்கள், கதைச் சுருக்கம். கதையை முக்கியமான கட்டத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். மற்ற விளம்பரத்தைச் சும்மா கொடுத்தாலும் ஜனங்கள் கீழே போட்டார்கள். இந்த விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துப் பாடினார்கள்.

அதனால்தான் அது தப்பிப் பிழைத்தது. 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. முப்பதுகளின் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கும் அதே கதி. அவற்றில் யார் நடித்தார்கள், என்ன பாடினார்கள் என்று ஆய்வாளர்கள் தேடிப் போவது பாட்டுப் புத்தகங்களைத்தான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் கப்பல் ஓடிய காலத்துப் பெட்டி எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அடிவரை துழாவிப் பாருங்கள். பாட்டுப் புத்தகம் கிடைத்தால் பின்னட்டையைக் கிழிக்காதீர்கள். அச்சகத்தின் பெயரும், உடன் வந்த மற்ற விளம்பரங்களும் இருப்பது அங்கேதான்.