ஓலைநாயகன் ஒருவனும் அவன் குடியும்

மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரை, பௌத்த மறைகள் முதன்முதல் ஓலையில் எழுதப்பெற்ற இடமெனப் போற்றப்படுவது. அக்காலத்து மன்னன் வட்டகாமணியின் பெயரை நம் மாணவர் அறிவர். எழுதிய கைகளுக்குரியோரை அறிவார் இலர். அரசர்க்கு ஓலை எழுதினோர் நிலையும் பெரும்பாலும் இதுவே. ஆயினும் சோழர் சாசனங்கள் அத்தகையோர் சிலரைப் பெயர் சுட்டி நமக்குக் காட்டுகின்றன.

முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1006ஆம் ஆண்டளவில், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அந்த ஆணை உருப்பெற்ற முறையைச் செப்பேடு வரிசையாகக் கூறுகின்றது. மன்னன் வாயால் மொழிந்தான். விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரன் அதனை ஓலையில் எழுதினான். ஓலைநாயகனாகிய கிருஷ்ணன் இராமன் முதலியோர் ஒப்பமிட்டனர். வாய்மொழி ஒன்று சட்டமாவதற்கு இத்தனை பேர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. இடையில் ஓர் எழுத்துப் பிழைப்பினும் ஓர் ஊரின் உரிமையே பிழைபட்டிருக்கும் அன்றோ!

இக்கிருஷ்ணன் இராமன் கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலத்து அந்தணன். மும்முடிச்சோழப் பிரமமாராயன் என்பது அவன் பெற்ற பட்டம். சோழர் வென்ற நம் ஈழநாட்டிற்கு அவர்கள் இட்ட பெயரும் மும்முடிச்சோழ மண்டலமே. அவன் எழுத்தாணியோடு அமைந்தவனல்லன், சேனாபதியுமாயினான். தஞ்சைப் பெருங்கோயிலின் திருச்சுற்றுமாளிகையை மன்னன் ஆணைப்படி எடுப்பித்தவன் அவனே என அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் அக்கோயிலுக்கே உரியதாக்கப்பட்டிருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அவன் மகன் மாராயன் அருமொழி. அருமொழி என்பது இராசராசனின் இயற்பெயர். மைந்தனுக்குத் தன் மன்னன் பெயரையே அவன் சூட்டினான் என்பதிலிருந்து அவன் உள்ளத்தை ஓரளவு உய்த்துணரலாம். அம்மைந்தனும் உத்தமசோழப் பிரமமாராயன் என்னும் பட்டம் பெற்று, இராசேந்திரன் காலத்தில் சேனாபதியாக விளங்கினான். கோலார்ப் பிடாரி கோயில் திருப்பணியோடு அவன் பெயரும் கல்லில் நிலைத்தது.

ஆங்கிலநாட்டிலும் இதனை ஒத்த வரலாறு ஒன்றுண்டு. கவிஞர் சாசர் 1389ஆம் ஆண்டில் அரசரின் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வையாளராயினார். அவர் மகன் தோமசு பின்னர்ப் பாராளுமன்றப் பொதுச்சபையின் சபாநாயகராக உயர்ந்தார். அரச பணி ஒரு குடியை உயர்த்தும் வகை இரு நாட்டிலும் ஒன்றாகவே இருந்தது.

ஆயின் அமுதன் தீர்த்தகரன் யாது பெற்றான்? அவன் பெயரால் மதிலும் இல்லை, கோயிலும் இல்லை. ஊர்ப்பெயரும் தன்பெயருமாய் ஒரு வரியில் நிற்கின்றான். எனினும் அவன் பிழையின்றி எழுதிய ஓலையின் வழியன்றோ மன்னனின் கொடை ஆயிரம் ஆண்டு கடந்து நம்மை எட்டியுள்ளது! வகுப்பில் அரசர் வரிசையை ஒப்பிக்கும் மாணவர்க்கு இந்த ஒரு வரியையும் ஆசிரியர் படித்துக் காட்டுதல் கடன்.