சுறாவின் தோலும் விமானத்தின் மேனியும்

கடற்கரைப் பங்குகளில் வாழும் நம் வாசகர்கள் இதனை நன்கறிவர். சுறாவைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும்; வாலிலிருந்து தலை நோக்கித் தடவினாலோ உப்புத்தாளைத் தொட்டது போல் உறுத்தும். மரத்தை மெருகேற்ற அத்தோலையே கையாண்ட தச்சர்கள் பல நாடுகளில் இருந்தனர். இத்துணைச் சொரசொரப்பான மீன் அவ்வளவு விரைந்து நீந்துவது எங்ஙனம்?

வழவழப்பான பரப்பில்தான் உராய்வு குறைவு என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் நீரோ காற்றோ ஒரு பரப்பின்மீது வேகமாகப் பாயும்போது, முறுக்கிய கயிறு போன்ற சிறு சுழல்கள் அப்பரப்பை ஒட்டித் தோன்றிப் பக்கவாட்டில் அலைகின்றன. விரைந்தோடும் நீரை அவை பரப்பின்மேல் இழுத்து வருகின்றன. உராய்வை மிகுவிப்பவை இவையே.

சுறாவின் செதில் உண்மையில் ஒரு நுண்ணிய பல் எனலாம். உள்ளே மென்கூழும் மேலே எனாமல் போன்ற கடினப் பூச்சும் அதற்கு உண்டு. விரைந்து நீந்தும் இனங்களில் அதன் நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். அதன் முதுகில், நீரோடும் திசையிலேயே, வயல் வரப்புகளைப் போல் மேடுகள் ஓடுகின்றன. வரப்புகளின் இடைவெளி சுழலின் அகலத்தைவிடக் குறைவு. ஆதலால் சுழல்கள் பள்ளத்தில் இறங்க இயலாமல் நுனிகளை மட்டும் தொட்டுச் செல்கின்றன. அவற்றின் பக்கவாட்டு அலைச்சலும் தடைப்படுகிறது. இடைவெளி அகன்றுவிட்டாலோ அவை உள்ளே புகுந்து உராய்வைக் கூட்டிவிடும்!

அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வுக்கூடத்தில் முக்கோண வடிவ நுண்வரப்புகளால் உராய்வு ஏறத்தாழ 8 விழுக்காடு வரை குறைந்தது. 1987-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் வென்ற 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' பாய்மரப் படகின் அடியில் இத்தகைய வரப்புப் படலம் ஒட்டப்பட்டிருந்தது. விமானத்திற்கு அது எளிதில் வாய்க்கவில்லை. வெயிலையும் கடுங்குளிரையும் மழையையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் உரியாதிருக்க வேண்டுமே! 2022 அக்டோபரில் சுவிஸ் நிறுவனத்தின் போயிங் 777 ஒன்று, 950 சதுர மீட்டர் படலம் போர்த்திப் பயணிகளை ஏற்றிச் சென்றது. எரிபொருள் மிச்சம் 1.1 விழுக்காடு. இதுதானா என்று தோன்றலாம். ஆயினும் அத்தகைய 12 விமானங்களுக்கு ஆண்டொன்றுக்கு 4,800 டன் எரிபொருள் மிஞ்சும் என அந்நிறுவனம் கணித்தது. எரியாத எண்ணெயின் புகை வானை மாசுபடுத்துவதுமில்லை.

எனினும் சுறாவின் பெயரால் சொல்லப்படும் அனைத்தையும் நம்பிவிடலாகாது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுறாத்தோல் நீச்சலுடை பெரிதும் பேசப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் அத்துணியைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். அதன் புறப்பரப்பால் வேகம் சீராகக் கூடியதாகத் தெரியவில்லை. மெய்யான சுறாத்தோலையே விறைப்பான தகட்டில் பொருத்தியபோதும் பயனில்லை. வளைந்து நெளியும் தகட்டில் பொருத்தியபோதோ, செதிலைத் தேய்த்தெடுத்த தோலைவிட அது 12 விழுக்காடு விரைந்து நீந்தியது. உடலை நெளிக்கும் சுறாவுக்குச் செதில்கள் வேறு வகையிலும் உதவுகின்றன போலும். விமானம் அதனிடமிருந்து பெற்றது வரப்பை மட்டுமே.