நெஞ்சே சாட்சி – 14: கத்தியை வாங்கி வைத்தவர்கள்

பொய்யாக அழுகிறவரைக் கண்டால் ‘நீலிக் கண்ணீர்’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கண்ணீரை நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. ஏமாற்றியவளின் பெயரைப் பத்திரப்படுத்திக்கொண்ட வழக்கு, ஏமாந்தவர்களை மறந்துவிட்டது. சென்ற வாரங்களில் மேக்பெத்தின் இரத்தம் படிந்த கையையும், ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கல்நிகவின் கோடரியையும் பார்த்தோம். இரண்டு கதைகளிலும் செய்த கையையே குற்ற உணர்வு தேடி வருகிறது. கொன்றவனுக்குத்தான் தூக்கம் போகிறது. இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் கதையில் தவித்தவர்கள் யாரையும் கொல்லவில்லை. மனசாட்சியைப் பற்றி நம் மண் சொன்ன முக்கியமான பேச்சு இந்தக் கதைக்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் பழையனூர், திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். முதலாம் இராசேந்திர சோழன் இந்த ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கியதை அங்கே கிடைத்த செப்பேடுகள் சொல்கின்றன. கதை அதற்கும் மூத்தது. சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதைத் தொட்டுச் செல்கிறார். முற்பிறவியில் கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, வணிகனாக மறுபிறவி எடுத்த அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘என் புருஷன் என்னைக் கைவிடுகிறான்’ என்று பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். இவள் பேய் என்று வணிகன் கதறுகிறான். பேயிடமிருந்து காத்துக்கொள்ள அவனிடம் இருந்தது ஒரு கத்தி. ‘அதை வைத்துக்கொண்டு என்னைக் கொன்றுவிடுவான்’ என்கிறாள் நீலி. வேளாளர்கள் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, ‘உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் பிணை’ என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்னபடி உயிரை விட்டார்கள். மற்றவர்கள் இறங்கத் தீக்குழி மூட்டிய வேளையில் வயலில் இருந்த ஒருவர், சேதி கேட்டதும் ஏர்க் கொழுவில் பாய்ந்து இறந்தார் என்கிறது ஊர் வழக்கு. அவர்கள் நினைவாக மண்டபமும் சாட்சிபூதேஸ்வரர் கோயிலும் இன்றும் அங்கே இருக்கின்றன.

இன்றைய நீதிமன்றத்தில் இந்த எழுபது பேரை நிறுத்தினால் என்ன ஆகும்? கொலை செய்யும் எண்ணம் இல்லை, கொலையில் பங்கும் இல்லை. கையில் குழந்தையோடு நின்ற பெண்ணின் புகாரை விசாரித்து, வன்முறை நடக்காமலிருக்க ஆயுதத்தை வாங்கி வைத்தார்கள். சந்தேகமின்றி விடுதலை. ஆனால் கதை அவர்களை அப்படி விடவில்லை, அவர்களும் தங்களை விட்டுக்கொள்ளவில்லை. காரணம் எளிது. சாவுக்கு அஞ்சிய ஒருவன் தன்னிடம் இருந்த ஒரே பாதுகாப்பை அவர்களை நம்பித்தான் கொடுத்தான். கத்தியை வாங்கிய கணத்திலேயே அவன் உயிர் அவர்கள் பொறுப்புக்கு வந்துவிட்டது. பேய் ஏமாற்றியது உண்மைதான் என்றாலும், அந்த உண்மை அவர்களுக்கும் பேய்க்கும் இடையிலான வழக்கு. வணிகனுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்தது வாக்கு மட்டுமே. செய்த கை எது என்று தேடுவதோடு நின்றுவிட்டால் மனசாட்சி என்பது பாதிதான். ஒருவரின் காப்பை வாங்கி வைத்தவர் யார் என்றும் கேட்கும்போதுதான் அது முழுமையாகிறது.

இதை மனசாட்சி என்று சொல்லக்கூடாது, இது வெறும் மானம் என்று ஒரு மறுப்பு எழலாம். அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் 1946இல் ஜப்பானைப் பற்றி எழுதிய நூலில், வெட்கத்தால் இயங்கும் பண்பாடு, குற்ற உணர்வால் இயங்கும் பண்பாடு என்று பிரித்தார். முன்னதில் பிறர் பார்வையே நீதிபதி, பின்னதில் நெஞ்சே நீதிபதி. பழையனூர்க் கதை தொண்டைமண்டல வேளாளரின் பெருமை பேசச் சொல்லப்பட்டது என்பதும் மறைக்க வேண்டிய செய்தி அல்ல. ஆனால் வயலில் நின்றவரை எண்ணிப் பாருங்கள். அவரைச் சுற்றி ஊர் இல்லை, இருந்தது ஏரும் மாடும்தான். அவரை இகழக்கூடிய அறுபத்தொன்பது பேரும் தீயில் போய்விட்டார்கள். வரப்பேறி அடுத்த ஊருக்கு நடந்திருந்தால் வழிமறிக்க ஆளில்லை. கதை சொன்னவர்கள் அந்த ஓர் ஆளைத் தனியே வயலில் நிறுத்தியதே, இது பிறர் கண்ணுக்கு அஞ்சிய சாவு அல்ல என்று காட்டத்தான் என்று தோன்றுகிறது.

பழையனூருக்கு நேர் எதிரான ஒரு காட்சி 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. தவறாக விடை சொல்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்படி சாதாரண மனிதர்களிடம் சொன்னார் ஸ்டான்லி மில்கிராம். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. விசையைத் தாங்களே அழுத்தியவர்களில் 40 பேருக்கு 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். இந்த எண் உலகப் புகழ்பெற்றது. அதே ஆய்வின் இன்னொரு வடிவம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதில் விசையை அழுத்துபவர் வேறொருவர், சோதிக்கப்படுபவருக்கு அருகிலிருந்து வேறு சில்லறை வேலைகளைச் செய்வது மட்டுமே பணி. அப்போது 40 பேரில் 37 பேர் கடைசி வரை ஒத்துழைத்தார்கள். அதிர்ச்சி பொய் என்று சிலர் ஊகித்திருக்கலாம் என்பது போன்ற விமர்சனங்கள் இந்த ஆய்வின் மீது உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஊகம் இரண்டு வடிவங்களுக்கும் பொதுவானதுதானே? இடையில் ஒரு கை வந்ததும் மறுப்பவர்கள் பதினான்கு பேரிலிருந்து மூன்று பேராகக் குறைந்ததற்கு அதுவே விளக்கமாகிவிடாது. நெஞ்சு கல்லாகிவிடவில்லை. ‘அழுத்தியது நான் இல்லை’ என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒரு சாக்கு கிடைத்தது.

பழையனூர் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. உருக்காலை, வார்ப்படம், வாகன உதிரிப்பாகம் என்று பல தொழில்கள் நடக்கும் இடம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையை நிறைப்பார்கள். இது போன்ற எந்தத் தொழிற்பேட்டையிலும் வேலை பல கைகள் வழியாகப் போகிறது: பெரிய கம்பெனி, அதற்கு ஆள் கொடுக்கும் காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, ஊரில் ஆள் பிடித்து அனுப்பும் ஏஜென்ட். ஒரு பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்பு சென்சார், உற்பத்தி வேகமாகட்டும் என்று செயலிழக்க வைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் போகிறது. இயந்திரம் ஓட்டத் தெரியாதவன் என்கிறார் சூப்பர்வைசர். டார்கெட் மேலே இருந்து வந்தது என்கிறார் மேனேஜர். ‘அவர் எங்க ரோல்ல இல்லை’ என்கிறது கம்பெனி. ஆளை அனுப்புவதோடு என் வேலை முடிந்தது என்கிறார் காண்ட்ராக்டர். தனித்தனியே பார்த்தால் யாரும் கெட்டவர் அல்ல, ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அந்த சென்சார்தான் தொழிலாளியின் கத்தி. அதை வாங்கி வைத்தவர்கள் பலர், பிணை சொன்னவர் ஒருவரும் இல்லை.

எல்லாரும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்றால் தொழில் நடத்தவே முடியாது என்பது அடுத்த மறுப்பு. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பொறுப்பைப் பிரிக்காமல் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆனால் வேலையைப் பிரிப்பது வேறு, பிணையைக் கரைப்பது வேறு. இந்த வேறுபாடு நம் சட்டத்துக்கே தெரியும். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, காண்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டியிருந்தது. கூலி வழங்கும் நேரத்தில் அவருடைய பிரதிநிதி உடனிருந்து, கொடுத்த தொகையைச் சான்றளிக்கவும் வேண்டியிருந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், கம்பெனி நடத்தும் ஆலைக்குப் பொறுப்பாளி அதன் இயக்குநர்களில் ஒருவரே என்றது. கீழ்நிலை அதிகாரி ஒருவரைப் பொறுப்பாளியாகக் காட்ட நிறுவனங்கள் வாதாடிப் பார்த்தன. உச்ச நீதிமன்றம் 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அதை ஏற்கவில்லை. இந்த இரு சட்டங்களும் இன்று 2020இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடக்கம். சட்டம் தேடியது வில்லனை அல்ல. பேர் சொல்லிப் பிணை நிற்கும் ஓர் ஆளைத்தான் அது தேடியது.

சட்டமே இருக்கும்போது மனசாட்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பழைய சட்டப்படி பதிவேட்டில் இடப்பட்ட அந்தச் சான்றுக் கையெழுத்தையே காட்டலாம். எண்ணிப் பார்த்து இடும் கையெழுத்துக்கும், மாதக் கடைசியில் கட்டாக வைத்து இடும் கையெழுத்துக்கும் தாளில் வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசம் இட்டவருக்கு மட்டுமே தெரியும். சட்டத்தால் சாட்சியை நாற்காலியில் உட்கார வைக்க முடியும், கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி முடுக்க முடியாது.

கடைசி மறுப்புதான் கனமானது. எழுபது பேர் செத்ததால் வணிகன் பிழைத்தானா? குற்ற உணர்வு இப்படித் தன்னையே எரித்துக்கொள்ளும் என்றால் அதனால் யாருக்கு லாபம்? இந்த இடத்தில் நான் பழையனூரோடு உடன்படவில்லை. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். தான் கள்வன் என்று உணர்ந்த கணத்தில் பாண்டியன் அரியணையிலேயே உயிர் விட்டான். நாம் அதை நீதியின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் மன்னன் இறந்த பிறகும் மதுரை எரிந்தது. அதற்கும் பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுக் கண்ணகியைச் சாந்தி செய்தான் என்று அதே காப்பியத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. பொய் சொன்ன கொல்லன் ஒருவன், பலியானவர்கள் ஆயிரவர். தீர்க்கப்படாத குற்ற உணர்வு தன் கழுத்தை நெரிக்கும், இல்லாவிட்டால் எளியவர் கழுத்தைத் தேடிப் போகும். ஒரு விபத்துக்குப் பிறகு சூப்பர்வைசரை மட்டும் வேலையைவிட்டு அனுப்பிக் கணக்கை முடிப்பது அந்த வேள்வியின் சிறிய வடிவம்தான்.

உளவியலாளர் ஜூன் டாங்னி பல ஆண்டுகளாக வலியுறுத்தும் வேறுபாடு இங்கே உதவும். ‘நான் கெட்டவன்’ என்ற வெட்கம் மனிதனை ஒளியச் செய்கிறது, பழியைப் பிறர்மேல் தள்ளச் செய்கிறது. ‘நான் செய்தது தவறு’ என்ற குற்ற உணர்வோ சரிசெய்யத் தூண்டுகிறது. அப்படியானால் பழையனூரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தீக்குழியை அல்ல, அதற்கு முந்தைய இரவில் சொன்ன சொல்லை. உயிர்ப்பிணை இன்று தேவையில்லை. போன விரலுக்கு ஈட்டுத்தொகை, நின்றுபோன கூலி, மறுநாள் காலையில் மீண்டும் பொருத்தப்படும் சென்சார் இவை போதும். இவற்றுக்கு யாராவது ஒருவர் ‘இது என் கணக்கு’ என்று சொல்ல வேண்டும். கொழுவில் பாய்ந்த அந்த மனிதருக்கும் ‘தீ மூட்டியபோது நான் ஊரில் இல்லை’ என்ற பதில் கைவசம் இருந்தது. ‘எங்க ரோல்ல இல்லை’ என்பதைவிட அது உண்மையான பதிலும்கூட. அவர் அதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம்: தேர்க்காலில் மகனைக் கிடத்திய மனுநீதிச் சோழன் செய்தது நீதியா, தன் நெஞ்சுக்குத் தானே தேடிக்கொண்ட ஆறுதலா?

(தொடரும்)